கேட்காமல் எடுத்த தண்ணீர்

எங்கள் யூனிட்டுக்கு ஐம்பது வயது நிறைகிறது என்பதற்காக அதன் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்கும் வாரண்ட் ஆபீசர், கையெழுத்து நன்றாக இருக்கும், காலை ஓட்டத்துக்கு முழங்கால் ஒத்துழைக்காது. இந்தத் தகுதிகள் ஒருவனிடம் சேர்ந்துவிட்டால் விமானப்படை அவனை எழுத்தாளனாக்கிவிடும். என் பெயர் ஈஸ்வரன். மூணாறு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். எங்களுடையது பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் ஒரு ஹெலிகாப்டர் பிரிவு. அதற்கு ஓர் எண்ணும், ஒரு பறவைச் சின்னமும், சமஸ்கிருதத்தில் ஒரு வாசகமும் உண்டு. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

யூனிட் வரலாறு எழுதுவது பெரிய வித்தை இல்லை. எந்த ஆண்டில், எத்தனை பழைய ரஷ்ய ஹெலிகாப்டர்களோடு தொடங்கியது என்று ஆரம்பிக்க வேண்டும். பனிமலையில் காவல் நிற்பவர்களுக்கு மண்ணெண்ணெயும் கோதுமை மாவும் சுமந்தது, வெள்ளத்தில் மொட்டை மாடிகளிலிருந்து ஆட்களைத் தூக்கியது, ரோடு இல்லாத ஊர்களில் வாக்குப்பெட்டி இறக்கியது, பிரசவ வலியில் துடித்த பெண்ணைத் தீவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது என்று அடுக்க வேண்டும். நடுநடுவே மீசை வைத்த தளபதிகளின் படம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நாங்கள் சண்டை போட்டது கொஞ்சம், சுமை தூக்கியதுதான் அதிகம். அதில் எனக்கு வெட்கம் இல்லை, பெருமைதான்.

என் எரிச்சல் வேறு. எங்கள் வரலாற்றில் முடியாமல் போன நாளே கிடையாது. ஒரு மழைக்காலத்தில் மூணாறுப் பக்கம் மலை சரிந்து ஒரு லயம் மண்ணுக்குள் போனபோது, மேகம் விலகாமல் நாங்கள் தளத்திலேயே உட்கார்ந்திருந்தோம். பழைய கோப்பில் அது 'மீட்புப் பணிக்குத் துணை நின்றது' என்று இருக்கிறது. அந்த எஸ்டேட்டின் அடுத்த டிவிஷனில்தான் என் அக்கா முத்துப்பேச்சி தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். "எல்லாரையும் பொதச்ச பொறவுல்லா வந்தீக" என்று அவள் என்னிடம் சொன்னாள். மேகத்துக்குள் பறக்க முடியாதது குற்றமில்லை. முடியவில்லை என்று எழுதக் கூசுகிறோமே, அதுதான் எனக்குப் பிடிக்காதது. ஆனாலும் அந்த வரியை நான் மாற்றவில்லை. மாற்றினால் யாராவது மறுபடி மாற்றிவிடுவார்கள்.

புத்தகத்தின் கடைசி அத்தியாயம் முதலமடைக் காட்டுத்தீ. எங்கள் யூனிட் ஹெலிகாப்டருக்கு அடியில் ராட்சத வாளி கட்டித் தீயணைக்கப் போன முதல் வேலை என்பதால் அதை விரிவாக எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதன் நாயகன் கௌசிக்.

கௌசிக் எங்களிடம் ஃப்ளைட் கன்னர். பெயரில்தான் துப்பாக்கி. அவன் வேலை, பறக்கும்போது இடுப்பில் பட்டை மாட்டித் திறந்த கதவோரம் குப்புறப் படுத்து, கீழே தொங்கும் சுமையைப் பார்த்துப் பைலட்டுக்குச் சொல்வது. ஹெலிகாப்டரின் வயிற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பைலட்டுக்குத் தெரியாது. முன்னால் போ, இடப்பக்கம், இறக்கு, நிறுத்து என்று கன்னர் சொல்வான், பைலட் செய்வார். ஏன் என்று கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டு விளக்கம் வாங்கி முடிப்பதற்குள் வாளி எதிலாவது மாட்டியிருக்கும். நானும் பல ஆண்டுகள் அந்தக் கதவில் படுத்தவன்தான்.

சென்ற மாசியில் முதலமடைக்கு மேலே மலையில் தீப்பிடித்தது. கணவாய்க் காற்று அதை மேற்கே தள்ளியது. அந்தச் சரிவில் மலசர் பழங்குடியினர் வாழும் ஒரு பதி இருக்கிறது, முப்பது வீடு இருக்கலாம். நாங்கள் கூப்பிடப்பட்டது அந்தப் பதிக்காக. தண்ணீர் மொள்ள மேப்பில் ஓர் அணையைக் குறித்துக் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் நீர் வற்றி, பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. வாளி ஒரு கிளையில் சிக்கினால் கதை முடிந்தது. வேறு தண்ணீர் எங்கே என்று தலைமைப் பைலட்டான கேப்டன் கேட்டபோது, பக்கத்தில் ஒரு குட்டை இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆழம் போதும் என்று கௌசிக் சொன்னான்.

அவன் சொன்னது அவன் வீட்டு மாந்தோப்பில் இருக்கும் குட்டையை.

கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் முதலமடை, மழை மறைவு நிலம். மலை தாண்டி வரும் மேகம் பெரும்பாலும் கையை விரித்துவிட்டுப் போகும். அங்கே தோப்பு வைத்தவர்கள் நிலத்தைத் தோண்டி, கறுப்புப் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, போர்வெல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைப்பார்கள். மாசியில் பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வரும்போது அந்தத் தண்ணீரைச் சொட்டுக் குழாயில் விட வேண்டும். விடாவிட்டால் காம்பு காய்ந்து கொட்டிவிடும். கௌசிக்கின் அப்பா நஞ்சப்பன் இறந்த பிறகு அந்தத் தோப்பு அவர் மனைவி காளியாத்தாள் கையில். ஒரே மகன் விமானப்படையில். போர்வெல்லைக் கெஞ்சிக் கூத்தாடி அவர் அந்தக் குட்டையை நிரப்பி வைத்திருந்தார்.

பொங்கலுக்கு லீவில் போனபோது குட்டை விளிம்பு வரை தளும்பியதைக் கௌசிக் பார்த்திருந்தான். அந்த ஆழம்தான் அவன் மனதில் இருந்தது. இடையில் அம்மா பிஞ்சுக்குத் தண்ணீர் விடத் தொடங்கி, குட்டை பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது அவனுக்குத் தெரியாது. தோப்புக்காரர் மகன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு எந்தக் கன்னராக இருந்தாலும் ஆழம் தெரியாது என்று சொல்லியிருப்பான், கேப்டனும் எச்சரிக்கையாக இறக்கியிருப்பார்.

முதல் சில வாளிகள் ஒழுங்காகத்தான் மொண்டார்கள். ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றில் ஓரத்து மரங்களில் பிஞ்சு உதிர்ந்தது. காளியாத்தாள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். கதவில் படுத்திருந்தவன் அம்மாவைப் பார்த்தான். ஆள் தள்ளித்தான் நிற்கிறது, இறக்கலாம் என்று பைலட்டுக்குச் சொன்னான். கன்னராக அது சரியான சொல். மகனாக அவன் என்ன நினைத்தான் என்று நான் கேட்கவில்லை.

வாளி சாய்ந்து மூழ்குவதற்காக அதன் ஓரத்தில் கனமான இரும்பு கட்டியிருக்கும். நீர் குறையக் குறைய அது தரையைத் தொட்டது. ஒருமுறை வாளி மேலே வந்தபோது அதோடு ஒரு கறுப்புப் பட்டையும் தொங்கியது. ஷீட் கிழிந்துவிட்டது என்று கௌசிக் உடனே சொன்னான். கிழிந்த குட்டையில் தண்ணீர் எப்படியும் நிற்காது, மிச்சத்தையும் எடுப்போம் என்று கேப்டன் முடிவு செய்தார். அவர்மேல் எனக்குக் குறையில்லை, அந்த இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் அங்கே சேறுதான் இருந்தது.

தீ இரண்டாம் நாள் அடங்கியது. பதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெலிகாப்டர் தீயை அணைத்தது என்று சானல்கள் சொல்லின, தோப்புக்காரப் பெண்மணி தண்ணீர் கொடுத்து ஊரைக் காப்பாற்றினார் என்றும் சேர்த்துக்கொண்டன. நான் கொடுக்கவில்லை, அவர்களாக எடுத்தார்கள் என்று காளியாத்தாள் மைக்கில் சொன்னாராம். அந்தத் துண்டு ஒளிபரப்பாகவில்லை. பிஞ்சு ஏறக்குறைய முழுவதும் கொட்டியது. நட்டு மூன்றாண்டு ஆன ஒட்டுக்கன்றுகள் ஒரு வரிசை பட்டுப்போயின.

நீர்நிலையை உடனடியாகக் கண்டறிந்ததற்காக, பாராட்டுச் சான்றுக்குக் கௌசிக்கின் பெயர் போனது. அன்றிலிருந்து அவன் ஊருக்குப் போகவில்லை. எங்கள் தளத்திலிருந்து அவன் வீட்டுக்கு பைக்கில் போனால் ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட ஆகாது. ஓணத்துக்குப் போகவில்லை, தீபாவளிக்கு வேறு ஒருவனின் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

நான் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தபோது, எந்த வாளி எங்கே விழுந்தது என்று அவனைக் கேட்டேன். மேலிருந்து அதைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் சொன்னது இது. புகையாலும் மலைவிளிம்பாலும் தாழப் பறக்க முடியவில்லை. உயரத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீரைக் காற்று தூவானமாக்கிக் கொண்டுபோய்விட்டது. இரண்டு வாளி ஏற்கெனவே எரிந்து முடிந்த கரியின்மேல் விழுந்தது, ஒன்று பாறைமேல். தீயை நிறுத்தியவர்கள் கீழே இருந்த வனத்துறை வாச்சர்கள். பெரியமுத்து என்கிற மலசர் ஒருவர் முன்னால் நிற்க, பதிக்கு மேலே தீ தாண்டாதபடி புதரை வெட்டிக் கோடு போட்டு, அங்கிருந்து எதிர்த்தீ வைத்து அதை மடக்கியிருக்கிறார்கள். அவருக்குக் கால் வெந்துவிட்டது. இதை அன்றைக்கே ரிப்போர்ட்டில் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னேன் என்றான். பத்து வாளி போட்டோம், தீ அணைந்தது, அதனால் பலன் உண்டு என்று எழுதிக்கொண்டார்களாம்.

எனக்கு ஆச்சரியமே வரவில்லை. என் வரைவில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.

விழாவுக்கு யூனிட்டுக்கு உதவிய பொதுமக்களை அழைத்துச் சால்வை போடுவது என்று முடிவானது. காளியாத்தாளை நேரில் அழைக்க நான் போனேன். கௌசிக்கைக் கூப்பிட்டேன், அவனுக்கு அன்று தலைவலி. கார்த்திகை மாதம். மரங்களில் பூ எடுக்கத் தொடங்கியிருந்தது. குட்டையில் புது ஷீட் இல்லை, ஓரத்தில் எருக்கு முளைத்திருந்தது. காளியாத்தாள் முகம் கோணாமல் வரவேற்று, மோர் கொடுத்து, அழைப்பிதழை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நஷ்டத்தைப் பற்றிப் பேசுவார் என்று பதில்களோடு போயிருந்தேன். அவர் பேசியது வேறு.

பதிக்காரர்கள் காலங்காலமாக அவர் தோப்பில் காய் பறிக்க வருகிறவர்கள். தீ அணைந்த பிறகு சித்திரை விஷுவுக்கு அவர்கள் தேன் கொண்டுவந்து கொடுத்தார்களாம். மழை பிடித்ததும் பதியிலிருந்து எல்லாரும் இறங்கிவந்து, பட்ட கன்றுகளைப் பிடுங்கி, தோப்பு முழுக்கக் களை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூலி வேண்டாம் என்று போய்விட்டார்களாம். உங்கள் தண்ணீரால்தான் எங்கள் வீடு நிற்கிறது என்றார்களாம். வெந்த காலோடு பெரியமுத்துவும் வந்து வரப்போரம் உட்கார்ந்து புல் பிடுங்கினாராம்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணு தெரியோணும்," என்றார். "என்ற தண்ணி தீயில உளுந்துச்சுங்களா?"

நான் இருமிவிட்டு, மொத்தம் இத்தனை ஆயிரம் லிட்டர், நடவடிக்கை வெற்றி என்று பதிவாகியிருக்கிறது என்றேன். என் வரைவின் முதல் பத்தி அது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நா உங்களைக் கேக்கலீங்க. கதவுல படுத்திருந்தவன் சொல்லோணும். போன் போட்டாச் சாப்பிட்டியாம்மான்னு கேட்டுட்டு வெச்சர்றான்."

விழாவுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் எனக்கு அந்த அம்மாள்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நஷ்டஈடு கேட்டிருந்தால் மனு எழுதிக் கொடுத்திருப்பேன். இந்தக் கேள்விக்கு எந்த ஆபீசிலும் மனு கிடையாது.

விழா அன்று ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகையை மெழுகித் தோரணம் கட்டி, ஒரு பக்கம் எங்கள் சாமான்களைப் பார்வைக்கு வைத்திருந்தோம். ஆரஞ்சு நிற வாளியைக் கழுவி நடுவில் தொங்கவிட்டிருந்தார்கள். காளியாத்தாள் பட்டுச்சேலை கட்டி வந்து அதன் பக்கத்தில் நின்றார். கௌசிக் சீருடையில், பாராட்டுச் சான்று வாங்குகிறவர்களின் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தவன், அம்மாவைப் பார்த்து நின்றான். நான் நகர்ந்துவிட நினைத்தேன், நகரவில்லை.

இளைத்துவிட்டாய் என்றோ, ஏன் வரவில்லை என்றோ அவர் கேட்கவில்லை. என்னிடம் கேட்டதையே அவனிடம் கேட்டார்.

"இல்லம்மா," என்றான் கௌசிக். "காத்துல போயிருச்சு. கொஞ்சம் பாறையில உளுந்துச்சு. தீயை நிறுத்துனது பெரியமுத்தண்ணனும் வாச்சர்களும்தான்." பிறகு, "கொளத்தைக் காட்டுனதும் நாந்தான். பொங்கலுக்குப் பார்த்த தண்ணி அப்பிடியே இருக்கும்னு நெனச்சுட்டேன்," என்றான்.

காளியாத்தாள் தலையாட்டினார். அழவில்லை, திட்டவில்லை. வாளியின் ஓரத்தில் கட்டியிருந்த இரும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குள் எல்லாரையும் உட்காரச் சொல்லி மைக்கில் அழைப்பு வந்துவிட்டது.

யூனிட்டின் தளபதியான எங்கள் சி.ஓ. வடநாட்டுக்காரர். நல்ல மனிதர், நல்ல பைலட், தமிழில் வணக்கம் மட்டும் தெரியும். ஹிந்தியில் யூனிட்டின் ஐம்பது ஆண்டுகளைப் பேசினார். முதலமடைக்கு வந்தபோது குரல் இளகியது. தன் பயிரைக் காட்டிலும் பக்கத்து ஊரின் உயிரைப் பெரிதாக நினைத்த ஒரு தாய் இங்கே வந்திருக்கிறார், அவர் தந்த தண்ணீர்தான் அந்தத் தீயை அணைத்தது என்றார். கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன்.

காளியாத்தாள் மைக்கைப் பிடித்துப் பழகியவர் இல்லை. வாயை அதற்கு மிக அருகில் வைத்துக்கொண்டு பேசினார்.

"அல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த ஐயா என்னமோ பெருசாச் சொன்னாருன்னு கை தட்டுனதுல தெரியுது. நா தண்ணி குடுக்கலீங்க. நீங்களா வந்து எடுத்தீங்க. எடுத்த தண்ணி தீயில உளுகவும் இல்லீங்க, காத்தோட போயிருச்சு. தீயை நிறுத்துனவிய பெரியமுத்துவும் அவங்கூட இருந்த வாச்சருங்களும். அவன் கால் வெந்து கெடந்தான். அவியதான் நிறுத்துனாங்கன்னு தெரியாம அவங்ககிட்டத் தேனும் வாங்கித் தின்னுட்டு, கூலி இல்லாத வேலையும் வாங்கிட்டேன். எனக்கு அதுதான் மனசு கேக்கலீங்க. இது அத்தனையும் என்ற பையன் சொன்னது. அவன் கண்ணால பார்த்தவன்."

கொட்டகையில் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்கள் அசையாமல் இருந்தார்கள். தெரியாதவர்கள் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. காளியாத்தாள் இன்னும் முடிக்கவில்லை.

"தீன்னு வந்தா யாருங்க தண்ணி இல்லேம்பாங்க. ஊட்டு வாசல்ல எறங்கி, ஆத்தா தண்ணி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எந்தப் பக்கம் ஆழம்னு நானே கை காட்டியிருப்பனே. இனி எங்க போனாலும் கேட்டு எடுங்க. அவ்வளவுதானுங்க."

கூட்டம் பாதி கைதட்டியது. தட்டாத பாதியைக் கண்டு தட்டியவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். சி.ஓ. என் பக்கம் திரும்பி, என்ன சொன்னார் என்று கேட்டார். மேடையில் இருந்த பெரிய அதிகாரிகளும் என்னைப் பார்த்தார்கள். முதல் வாக்கியத்தை எங்கே தொடங்கினால் அடி குறைவாக இருக்கும் என்று நான் தேடினேன். நன்றி தெரிவிக்கிறார் என்று தொடங்கலாம், காட்டுத்தீயில் வாச்சர்களின் பங்கையும் நினைவுகூர்கிறார் என்று முடிக்கலாம். ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுதிய கைக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சான்று வாங்கும் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து வந்தான். கௌசிக் படியேறி, சி.ஓ.வுக்கு சல்யூட் அடித்து, அனுமதி கேட்டான். அவர் ஒன்றும் புரியாமல் தலையசைத்தார். நான் மைக்கை விட்டு விலகினேன்.

அவன் அம்மா சொன்னதை ஹிந்தியில் சொன்னான். பனிமலை முகாமில் கற்ற கரடுமுரடான ஹிந்தி. கொடுக்கவில்லை, எடுத்தோம் என்றான். தண்ணீர் தீயில் விழவில்லை என்றான். பெரியமுத்துவின் பெயரை இரண்டு முறை சொன்னான். இதெல்லாம் என் மகன் சொன்னது என்று அம்மா சொன்ன இடத்தில், அந்த மகன் நான் என்று நிறுத்தினான். பிறகு, குட்டையின் ஆழத்தைத் தப்பாகச் சொன்னதும் நான்தான் என்று அம்மா சொல்லாத ஒன்றையும் சேர்த்தான். முன்வரிசையில் இருந்த அன்றைய கேப்டன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு எடுங்கள் என்பதோடு கௌசிக் முடித்தான்.

சி.ஓ.வின் முகம் எப்படி மாறியது என்று எழுதினால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். உண்மையில் அது மாறவில்லை. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார், கேட்டுவிட்டுப் பெரியமுத்து என்பவர் எங்கே என்று என்னிடம் விசாரித்தார். அழைக்கப்படவில்லை என்றேன்.

ஹிந்தி ஒரு சொல்கூடத் தெரியாத காளியாத்தாள், மகன் பேசி முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முடித்ததும் மைக் திறந்திருப்பதை மறந்து கேட்டார்.

"நா சொன்னது அத்தனையும் சொல்லிட்டயா, சாமி?"

"சொல்லிட்டேம்மா."

"செரி," என்றார். "அப்ப ஊட்டுக்கு வா."